அட்சரம் பிசகாமல்

— அப்ப நேற்று இரவு எட்டரைக்குக் கடை பூட்டிக் கிடந்ததை நீங்கள் ஒத்துக்கொள்ளுறியள்?

— பூட்டிக் கிடக்கல்ல ஐயா. கதவு சாத்தி இருந்திச்சு. கடல் காத்து.

— காத்து வந்து ஆமைப்பூட்டும் போட்டுவிட்டதோ? றோட்டுக்கு அங்காலை நிண்டு என்ரை கண்ணாலை பார்த்தனான், மிசிஸ் ஆதம்பாவா.

— அல்லாவே! கொழும்பில இருந்து வந்த மனுசன் இருட்டுக்குள்ள நிண்டு எங்கட பூட்டையா பாத்துக்கொண்டு இருந்தீங்க? ஒரு சத்தம் போட்டிருந்தா சோறு போட்டிருப்பனே. வீடு கடைக்குப் பின்பக்கம்தானே.

— நான் விருந்துக்கு வரேல்லை. பெலிகன் ஸ்டோர்ஸ் கொம்பனியின்ரை இன்ஸ்பெக்டர். திருகோணமலைப் பக்கத்துக் கடையள் எல்லாம் இனி என்ரை பொறுப்பு. பேர் சிவகுருநாதன்.

— என்ட பேர் ஸல்ஹா. மிசிஸ் ஆதம்பாவா எண்டு நீங்க கூப்பிடக்குள்ள, பின்னால ஆரோ பெரிய துரைட பொண்சாதி நிக்கிறா எண்டு நான் திரும்பித் திரும்பிப் பாக்கிறன்.

— சரி, ஸல்ஹா அம்மா. கொம்பனிக் கடை காலமை ஆறுக்குத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டோணும். விதி நாலு. போர்ட் மாட்டேக்கை நீங்கள் கையெழுத்து வைச்ச விதி.

— மெய்தான், வச்சன். அந்த போர்டில வாயைத் தொறந்துகொண்டு நிக்கிற பறவையப் பாத்துப்போட்டு மூதூர்ச் சனம் இப்ப இத 'கூழைக்கடாக் கடை' எண்டுதான் சொல்லுது. முந்தி ஆதம்பாவா கடை எண்டு ஒரு மரியாதை இருந்திச்சு.

— மரியாதையோடை சாமான் குளிர வைக்க ஒரு பிறிச் இருந்ததோ? கண்ணாடி அலுமாரி இருந்ததோ? எல்லாம் கொம்பனி தந்தது.

— இல்லண்டு சொல்லல்ல ஐயா. ஆனா இந்தத் திருகோணமலை ஜெட்டி றோட்டுக்கு ஆர் வாற எண்டு பாருங்க. ஜெட்டிக்குப் போற சனமும் ஜெட்டியில இருந்து வாற சனமும்தான். பொழுதுபட மூதூருக்கு ஆளேத்திற கடைசி லோஞ்ச் கடல் தாண்டிப் போயிரும். என்ட மனுசன்தான் அதுல சுக்கான் புடிக்கிறவர். அவரும் ராவைக்கு அங்கயே தங்கிட்டு விடியத்தான் வருவார். மறுகா பத்து மணி வரைக்கும் இந்தக் கடைக்கு வாறது ஆடுதான். நானும் ஆடும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருக்கிற.

— ஆடு வருதோ மாடு வருதோ, விதி விதிதான் பாருங்கோ. இது உங்களுக்கு ரெண்டாவது சிவப்புக் கோடு. முதலாவது தயிருக்கு விழுந்தது.

— அதையும் கேக்கிறன். கிண்ணியாத் தயிர்முட்டி ரெண்டு உங்கட பிறிச்சுக்குள்ள இருந்தது ஒரு குத்தமா? லோஞ்சால இறங்கிற சனம் வாய்விட்டுக் கேக்கிற சாமான்.

— கொம்பனி அனுப்புற சாமானைத் தவிர வேறை ஒண்டும் விக்கேலாது. விதி பதினொண்டு.

— கொம்பனி என்ன அனுப்புது எண்டு தெரியுமா? அந்தா மூலையில பாருங்க. மீன் டின். பெட்டி பெட்டியா மீன் டின். ஜெட்டியில கால நனைச்சா வெரலக் கொத்துற அளவுக்கு மீன் கிடக்கிற ஊருக்கு, மீன டின்னில அடைச்சு லொறியில அனுப்புறாங்க. வலைக்காரப் பொடியன் ஒருத்தன் அதக் கையில எடுத்து ஆட்டிப்போட்டு, "ராத்தா, இது இதுக்குள்ள எப்படிப் பூந்திச்சு?" எண்டு கேட்டான். நான் என்ன சொல்ற?

— நீங்கள் ஓடர் குடுக்காமல் அனுப்பியிருக்கமாட்டினம்.

— நான் கேட்டது சவுக்காரமும் நெருப்புப்பெட்டியும்.

— அது… தலைமைக் கந்தோரிலை ஒரு இடத்திலை தேங்கினதை இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிடுவினம். அது என்ரை பகுதி இல்லை. அது வேறை கதை.

— மூணாவது கோடு விழுந்தா என்ன நடக்கும்? அதாச்சும் உங்கட பகுதியா?

— அது என்ரை பகுதிதான். கடைப் பூட்டும் திறப்பும் கொம்பனியின்ரை கைக்கு வரும். ஒப்பந்த வருசம் முடியுமட்டும் கொம்பனியே ஆள் போட்டு நடத்தும்.

— இது என்ட மாமனார் மூதூரில இருந்து மரம் ஏத்திக்கொண்டு வந்து கட்டின கடை ஐயா.

— அதுதான் சொல்லுறன், கவனமா இருங்கோ எண்டு. உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் உங்களைப்பற்றி எழுதாட்டில், கொழும்பிலை என்னைப்பற்றி எழுதுவினம். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.

— அப்ப ஒரே ஒரு நாளைக்கு மட்டும் கடைய மூட எழுதித் தாங்க. வாற மாசம் முதல் வெள்ளிக்கிழமை என்ட மகள் றஹ்மாக்குக் கலியாணம். எனக்கு ஒரே பிள்ளை.

— ஏலாது அம்மா. வருசத்திலை ஒரு நாளும் பூட்டேலாது. விதி ஏழு.

— பெருநாளைக்கும்?

— பெருநாள், பொங்கல், வெசாக், நத்தார். ஒண்டுக்கும் இல்லை.

— பெத்த பிள்ளைட கலியாணத்துக்கும்?

— அப்பிடி ஒரு விலக்கு எழுதியிருக்கேல்லை. எழுதாததை நான் எப்பிடித் தாறது?

— சரி. கோவிக்காம எனக்கு ஒண்டு சொல்லுங்க. இந்தச் சட்டப் புத்தகத்துல இரிக்கிற எல்லாத்தையும் நான் செய்யணுமா, சிலத மட்டும் செஞ்சாப் போதுமா?

— எல்லாத்தையும். அட்சரம் பிசகக்கூடாது.

— மெய்யா? அட்சரம் பிசகாமச் செஞ்சா, மறுகா வந்து 'ஏன் செஞ்சீங்க' எண்டு கேக்கமாட்டீங்களே?

— விதிப்படி நடக்கிற ஆளை நான் ஏன் கேக்கப்போறன்?

— அப்ப அந்தப் புத்தகத்த இஞ்ச தாங்க. கையெழுத்து வைக்கக்குள்ள வாசிக்கல்ல. இப்ப முதல் பக்கத்துல இருந்து வாசிக்கப்போறன்.

*

— வாங்க, வணக்கம். பெலிகன் ஸ்டோர்ஸ் உங்கள அன்போட வரவேற்குது. உங்களுக்கு என்ன வேணும்?

— நான்தான் ஸல்ஹா அம்மா. சிவகுருநாதன். ரெண்டு மாசத்துக்கு முதல் வந்த இன்ஸ்பெக்டர்.

— தெரியும் ஐயா. கடைக்குள்ள காலெடுத்து வைக்கிற எல்லாரையும் கேக்கணும். விதி ஒண்டு. உங்களுக்கு என்ன வேணும்?

— ஒண்டும் வேண்டாம்.

— வேற ஏதாவது வேணுமா? விதி ரெண்டு.

— ஐயோ, ஒண்டும் வேண்டாம்!

— வந்ததுக்கு நன்றி. மறுபடி வாங்க. விதி மூணு. முடிஞ்சிச்சு. இனி அந்தக் கதிரையில இரிங்க, கதைப்பம். ஏன் இப்படி வேர்த்துப்போய் நிக்கிறீங்க?

— நான் ஏன் வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும். முதல்லை அந்தக் கலியாணக் கதையைச் சொல்லுங்கோ. கடைக்குள்ளை கலியாணம் நடந்ததாம். மெய்யோ?

— மெய்தான். கடைய மூடாதீங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க. கடையத் தொறந்து வச்சுப்போட்டு நான் எங்க போய்க் கலியாணம் நடத்துற? எங்கட பக்கத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வாற வழக்கம். வீட்டுக்கு வாற வழி கடைக்குள்ளாலதான். வந்தாங்க.

— வந்தவையையும் விட்டுவைக்கேல்லையாமே?

— விதி ஒண்டு ஐயா! மாப்பிள்ளை வீட்டுச் சனம் அவ்வளவு பேரையும் வாசலில நிண்டு வரவேற்றன். நிக்காஹ் எழுத வந்த லெப்பை உள்ளுக்கு வந்தார். "உங்களுக்கு என்ன வேணும்?" எண்டு கேட்டன். மனுசன் திகைச்சுப்போய் நிண்டுட்டு, "ரெண்டு சாட்சி வேணும் புள்ள" எண்டார். அவருக்குப் பின்னால மாப்பிள்ளை.

— மாப்பிள்ளையிட்டையும் கேட்டனீங்களோ?

— கேக்காம விட்டா மூணாவது கோடு விழுமே. பூமாலையோட நிக்கிற பொடியனைப் பாத்து, "பெலிகன் ஸ்டோர்ஸ் உங்கள அன்போட வரவேற்குது, உங்களுக்கு என்ன வேணும்?" எண்டு கேட்டன். அவனுக்கு வெக்கம். தலையக் குனிஞ்சான். கூட்டாளிமார் பின்னால நிண்டு கத்துறாங்க, "பொண்ணு வேணும் எண்டு சொல்லுடா! பொண்ணு வேணும் எண்டு சொல்லுடா!"

— சொன்னவரோ?

— சொன்னான். காத்துல போற மாதிரி, மெல்லமா. கேட்ட சாமான் கடையில இருந்தாத் தாமதிக்காமக் குடுக்கணும். விதி அஞ்சு. குடுத்தன்.

— சிரிப்பு மூட்டாதேங்கோ அம்மா. நான் விசாரணைக்கு வந்து நிக்கிறன்.

— நானும் சிரிச்சன். எல்லாரோடயும் சேந்து சிரிச்சுப்போட்டு, உள்ளுக்குப் போய் அலுமாரிக்குப் பின்னால நிண்டு அழுதன். அது எந்த விதியிலயும் இல்ல.

— …புரியாணி குடுத்ததாமே. அது கொம்பனிச் சாமான் இல்லை.

— விக்கல்ல ஐயா. சும்மா குடுத்தன். விதி பதினொண்டு விக்கிறதப் பத்தித்தான் கதைக்குது. எடுத்து வாசிச்சுப் பாருங்க.

— வாசிச்சனான். பஸ்ஸிலை வரேக்கை மூண்டு தரம் வாசிச்சனான். அதை விடுவம். இரவு பத்து மணிவரைக்கும் இஞ்சை என்ன நடக்குது? முழு லைற்றையும் போட்டு, ஆக்களைச் சேர்த்து, திருவிழா மாதிரி இருக்காம்.

— பத்து மணி வரைக்கும் எல்லா லைட்டும் எரியணும். விதி பதினாறு. எட்டு மணிக்குப் பொறகு எரியிற கரண்ட் கொம்பனிட கணக்கு. அதுவும் அதுலதான் இரிக்கு. இந்த றோட்டில வேற வெளிச்சம் ஏது? கிழிஞ்ச வலை பொத்திறவங்க வந்தாங்க. வாசலில இருந்து பொத்துறாங்க. கெரம் போர்ட் ஒண்டும் வந்திச்சு. சாமான் வாங்காட்டியும் ஆரையும் எழும்பிப் போகச் சொல்லக்கூடாது எண்டு விதி இருபது சொல்லுது.

— வலையைக் கடைக்குள்ளை விரிச்சு வைச்சிருக்கினம் அம்மா! இப்ப வரேக்கை என்ரை சப்பாத்து அதிலை மாட்டி, கூழைக்கடா போர்ட்டுக்குக் கீழை குப்புற விழப் பார்த்தனான்!

— விழுந்திருந்தா நல்லா அம்பிட்டிருப்பீங்க. பெரிய மீன்.

— பகிடி போதும். இந்த மீன் டின் என்ன இது, வாசலிலை மதில் மாதிரி? ஒரு ஆள் சரிஞ்சுதான் உள்ளுக்கு வரக்கூடியதாக் கிடக்கு.

— கொம்பனி அனுப்புற புதுச் சாமான வாசலில எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி அடுக்கணும். விதி பதினாலு. 'சில' எண்டு எழுதல்ல. நான் எல்லாத்தையும் அடுக்கினன். சனம் வந்து பாத்துட்டுப் போகுது. தோப்பூரில இருந்து ஒரு குடும்பம் வந்து, பிள்ளைகளுக்குக் காட்டிட்டுப் போனாங்க. வாங்கல்ல.

— கடிதங்கள்? அதை ஏன் இன்னும் நீங்கள் சொல்லேல்லை?

— நீங்க கேக்கல்ல.

— இப்ப கேக்கிறன்.

— வாறவங்க கேக்கிற சாமான் கடையில இல்லாட்டி, அவங்கட பேரையும் ஊரையும் எழுதித் தலைமைக் கந்தோருக்கு அனுப்பணும். தலைமைக் கந்தோர் ஒரு கிழமைக்குள்ள ஆளாளுக்குப் பதில் போடணும். விதி இருபத்திமூணு. லோஞ்சால இறங்கிறவங்க எல்லாரும் தயிர் கேக்கிறாங்க. நான் எழுதுறன். என்ட கை நோகுது ஐயா.

— உங்கடை கை நோகுதோ? கொழும்பிலை நாலு கிளாக்கர்மார் வேறை வேலையை விட்டிட்டு மூதூர்ச் சனத்துக்குத் தயிரைப்பற்றிக் கடிதம் எழுதினம்! ரைப் அடிக்கிற பிள்ளை அடிச்ச அடியிலை மெசினிலை 'த' எழுத்து தேய்ஞ்சுபோச்சு. இப்ப எங்கடை கந்தோராலை போற கடிதம் எல்லாத்திலையும் 'யிர்' எண்டுதான் கிடக்கு!

— ஓ, அதுவா? மூதூரில அப்துல் மஜீத் எண்டு ஒரு வயசாளி. அவருக்கு வந்த காயிதத்த என்னட்டக் கொண்டுவந்து காட்டினார். 'உங்களுக்கு யிர் வழங்க இயலாமைக்கு மன்னிக்கவும்.' மனுசன் ரெண்டு நாளா நித்திர கொள்ளல்ல. 'உயிர் தர ஏலாது எண்டு கொழும்பில இருந்து எழுதிரிக்காங்க புள்ள, எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு கேட்டுச் சொல்லு' எண்டு கெஞ்சுறார்.

— ஐயோ கடவுளே…

— நீங்க சிரிக்கிறீங்க.

— சிரிக்கேல்லை. சரி, சிரிக்கிறன். சிரிச்சுப்போட்டு அழவேண்டியதுதான். கேளுங்கோ அக்கா. நான் ஒரு தன்மையாக் கேக்கிறன். இண்டையிலிருந்து எட்டு மணிக்குப் பூட்டுங்கோ. கடிதம் எழுதாதேங்கோ. தயிரை வைச்சு வித்துக்கொள்ளுங்கோ. நான் காணாத மாதிரிப் போறன்.

— ஏலா தம்பி.

— என்ன?

— நீங்க காணாத மாதிரிப் போவீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து கண்ட மாதிரி எழுதுவார். மறுகா என்ட திறப்பு போயிரும். எழுத்தில தாங்க, இப்பவே பூட்டுறன்.

— எழுத்திலை தர எனக்கு அதிகாரம் இல்லையக்கா.

— அப்ப விதி விதிதான்.

— என்ரை சொல்லை எனக்கே திருப்பி விக்கிறியள்.

— கொம்பனிச் சாமானைத் தவிர வேற விக்கேலாதே தம்பி.

— அக்கா… ஒரு விசயம் கேக்கலாமோ? இவ்வளவையும் ஏன் செய்யிறியள்? என்னோடை விளையாடுறியளோ?

— கொஞ்சம் விளையாட்டுத்தான். பொய் சொல்லமாட்டன். ஆனா கேளுங்க. இந்த போர்ட் மாட்டக்குள்ள றஹ்மாக்குப் பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல நடந்தத எல்லாம் ராவைக்குச் சொல்ல வருவாள். நான் கடையில. பத்து மணிக்கு நான் உள்ளுக்குப் போகக்குள்ள அவள் நித்திரை. இப்படியே போய், ஒரு நாள் திரும்பிப் பாத்தா அவள் கலியாணப் பொண்ணு. இடையில நடந்தது ஒண்டும் எனக்குத் தெரியா. ஆட்டைப் பாத்துக்கொண்டு இருந்ததுதான் தெரியும். அந்தக் கலியாணத்துக்கும் ஒரு நாள் தரமாட்டன் எண்டீங்க. எனக்கு வந்தது கோவம் தம்பி. சத்தம் போட்டா உங்களுக்குக் கோடு போட வசதி. அதனால சிரிச்சுக்கொண்டு செஞ்சன்.

— என்ரை மகனுக்கு நாலு வயசு. மாசத்திலை இருபது நாள் நான் ஊர் ஊரா அலையிறன். போன முறை வீட்டை போக, கதவைத் திறந்துபோட்டு உள்ளுக்குப் பார்த்துச் சொல்லுறான், "அம்மா, ஒரு மாமா வந்திருக்கிறார்" எண்டு.

— அல்லாவே. இரிங்க தம்பி, ஏன் எழும்புறீங்க?

— றிப்போட்டை எழுதி முடிப்பம். கேள்வி முப்பத்திரண்டு. ஒவ்வொண்டுக்கும் 'ஓம்' எண்டுதான் நான் எழுதவேண்டிக் கிடக்கு. வரவேற்பு, ஓம். நேரம், ஓம். வெளிச்சம், ஓம்… நூற்றுக்கு நூறு. கொம்பனி தொடங்கினதிலையிருந்து ஒரு கடையும் எடுக்காத புள்ளி.

— அப்ப எனக்கு ஏதாவது தருவாங்களா?

— உங்களுக்கு என்ன தருவினமோ தெரியாது. எனக்கு என்ன தருவினம் எண்டு தெரியும்.

*

— ராத்தா இருக்கிறாவோ எண்டு உங்கடை மருமகனைக் கேட்டனான். உள்ளுக்குப் போகச் சொன்னவர். என்னக்கா, எங்கையோ வெளிக்கிட்டு நிக்கிறியள்?

— சிவகுருநாதன் தம்பியா? டையும் இல்ல, சப்பாத்தும் இல்ல! அடையாளமே தெரியல்ல. வாங்க, வாங்க. கொழும்புக்குப் போற றெயில் கோச்சி ஏழு மணிக்குத்தான். நேரம் இரிக்கு. இரிங்க.

— கொழும்பிலை ஆரும் சொந்தக்காரரோ?

— ஒரு சின்னச் சோலி. ரெண்டு நாளில வந்திருவன். கடைய றஹ்மாவும் அவள்ட மாப்பிள்ளையும் பாத்துக்கொள்ளுவாங்க. முதல்ல உங்கட கதையச் சொல்லுங்க. புதுச் சட்டம் வந்ததே, கண்டீங்களா?

— காணாமல் என்ன. 'துறையில் உள்ள கடைகள் இரவு எட்டு மணிக்குப் பூட்டலாம், உள்ளூர்ச் சாமானுக்கு ஒரு தட்டு ஒதுக்கலாம்.' உங்கடை தயிர்க் கடிதந்தான் அவையை மடக்கினது. வெண்டிட்டியள் அக்கா. கை குடுக்கோணும் உங்களுக்கு.

— என்னைய விடுங்க. உங்களுக்கு என்ன நடந்திச்சு?

— என்ன நடக்கும்? இவ்வளவு கூத்துக்கும் நான் குடுத்த நூறு புள்ளிதான் காரணம் எண்டு டிரெக்டர் துள்ளினவர். வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். பிறகு கொஞ்சம் மனம் இரங்கி, கப்பல்துறை எண்ட ஊரிலை ஆள் விட்டிட்டுப் போன கொம்பனிக் கடை ஒண்டைத் தந்தவை. மனுசியின்ரை தாய் தேப்பன் அங்கைதான். கொழும்பிலை இருக்க அவளுக்கும் விருப்பமில்லை. போர்ட்டை மாட்டி மூண்டு கிழமை.

— அப்ப நீங்களும் கூழைக்கடாட வாய்க்குள்ளயா?

— முழுசா! எட்டு வருசமா விதியைத்தானே படிச்சனான் அக்கா. வேறை என்ன தொழில் தெரியும் எனக்கு?

— எப்படிப் போகுது யாவாரம்?

— யாவாரத்தைக் கேக்காதேங்கோ. முதல் லொறியிலை என்ன வந்தது எண்டு கேளுங்கோ. கம்பளித் தொப்பி. நுவரெலியாவிலை விக்காமல் கிடந்ததாம். கப்பல்துறை வெயிலுக்குக் கம்பளித் தொப்பி!

— வாசலில அடுக்கினீங்களா?

— அடுக்கினனான். விதி பதினாலு. ஒரு ஆள் வாங்கிக்கொண்டு போனவர். குரும்பட்டியைக் குரங்கு பிடுங்காமல் தென்னங்குலைக்குப் போட்டுவிட எண்டு.

— மாஷா அல்லாஹ்! விக்குதே!

— சிரியுங்கோ, சிரியுங்கோ. நான் உங்களுக்கு முன்னாலை இருந்து 'ஆடு வருதோ மாடு வருதோ' எண்டு சொன்னது இப்ப எனக்குக் காதுக்குள்ளை கேக்குது. எங்கடை பக்கம் மாடு வருதக்கா. பத்து மணிவரைக்கும் நானும் மாடும்.

— ஏன் பத்து மணி? எட்டு மணிக்குப் பூட்டலாமே.

— அது துறைமுகக் கடையளுக்கு. கப்பல்துறை கண்டி றோட்டிலை இருக்கு எண்டு கொழும்பிலை சொல்லுவினம்.

— சட்டத்துல 'துறைமுகம்' எண்டா எழுதியிரிக்கு? 'துறையில் உள்ள கடைகள்' எண்டுதானே எழுதியிரிக்கு. உங்கட ஊர்ப் பேரில கப்பலும் இரிக்கு, துறையும் இரிக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? எட்டு மணிக்குப் பூட்டிப்போட்டுப் போய் மகனுக்குக் கதை சொல்லுங்க. அப்பதான் 'மாமா' எண்டு கூப்பிடமாட்டான்.

— நீங்கள் சொல்லுவியள் அக்கா. புது இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளோணுமே. அதைக் கேக்கத்தான் உங்களிட்டை ஓடிவந்தனான். வாற கிழமை என்ரை கடைக்கு வரப்போகுதாம். பேர் இன்னும் சொல்லேல்லை. ஆனால் பொல்லாத ஆளாம்.

— ஆர் சொன்ன?

— கந்தோரிலை பழைய கிளாக்கர் ஒருத்தர் சொன்னவர். சட்டப் புத்தகம் முழுக்கப் பாடமாம். டிரெக்டருக்கே விதியிலை பிழை பிடிச்சு எழுதின ஆளாம். வெளியிலை விட்டு வைச்சால் கொம்பனிக்கு ஆபத்து எண்டு பயந்து, உள்ளுக்கு எடுத்துச் சம்பளம் குடுக்கினமாம்.

— அப்படியா கதைக்கிறாங்க?

— ஓமக்கா. நான் இன்ஸ்பெக்டரா இருந்த காலத்திலை கடைக்காரர் ஏன் என்னைக் கண்டு நடுங்கினவை எண்டு இப்பதான் விளங்குது. நேற்று இரவு மனுசி எழுப்பிக் கேக்கிறாள், ஏன் நித்திரையிலை 'உங்களுக்கு என்ன வேணும், உங்களுக்கு என்ன வேணும்' எண்டு புலம்புறியள் எண்டு.

— பயப்படாதீங்க தம்பி. எட்டு மணிக்குப் பூட்டுங்க. அந்த ஆள் ஒண்டும் சொல்லாது. கம்பளித் தொப்பியக் கட்டித் திருப்பி அனுப்புங்க. அதுக்கும் ஒண்டும் சொல்லாது.

— உங்கடை வாய்க்குச் சீனி போடோணும். எண்டாலும் வாற ஆளை வெறும் வாயோடை அனுப்பேலாதே. நல்ல பாலா வாங்கி, சீனியும் கொஞ்சம் தாராளமாப் போட்டு ஒரு தேத்தண்ணி குடுத்தால், மனம் இளகாதோ?

— வேணாம் தம்பி. பால் வேணாம், சீனி வேணவே வேணாம். வெறுந்தேத்தண்ணி ஊத்தி வைங்க. அந்த ஆளுக்குச் சீனி வருத்தம்.

— இதென்ன புதுக் கதை? அந்த ஆளின்ரை பேரே ஒருத்தருக்கும் தெரியாது. சீனி வருத்தம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

— டொக்டர்தான். போன கிழமை என்ட ரத்தத்தச் சோதிச்சுப்போட்டுச் சொன்னவர்.